கம்பனியும் ஒரு ஆளா?

நமுனுகுல பஜாரில் ஒரு தோட்டத் தலைவர் கேட்டார்: "மாஸ்டர், நமக்குச் சம்பளத்தக் கூட்டுனா கம்பனிக்காரங்க கோர்ட்டுக்குப் போயிர்றாங்க. கோர்ட்டும் கேக்குது. கம்பனி என்ன மனுசனா? அதுக்கும் மனித உரிமை இருக்கா?"

நல்ல கேள்வி. ஒரு பிளேன்டீயில் முடிகிற பதில் இதற்குக் கிடையாது. இரண்டாவதும் வரட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன். அன்று அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அவர் மனதில் இருந்தது 2024 ஜூலை. அந்த வருடம் மே தினத்தையொட்டி தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,700 ரூபாயாக்கி வர்த்தமானி வந்தது. 1,350 அடிப்படை, 350 மேலதிகக் கொடுப்பனவு. பெருந்தோட்டக் கம்பனிகள் வழக்குக்குப் போயின. விவகாரம் கொழும்பு புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றம் வரை போய், ஜூலை 4ஆம் திகதி இடைக்காலத் தடை விழுந்தது. செப்டெம்பரில் புதிய வர்த்தமானி வந்தபோது உறுதியாக நின்றது 1,350 மட்டும்தான். 2021இல் 1,000 ரூபாய்க்கும் கம்பனிகள் வழக்குப் போட்டன. அந்த முறை மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது, ஆயிரம் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு கொழுந்துக் கிலோவைக் கூட்டி, நிறை காணாத நாளுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்ட தோட்டங்களும் உண்டு. அது தலைவருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

முதலில் ஒரு சிக்கலை அவிழ்த்துக்கொள்வோம். 2021இல் கம்பனிகள் போட்டது ரிட் மனு. அமைச்சரும் சம்பளச் சபையும் சட்டம் கொடுத்த அதிகாரத்துக்குள் நின்று முடிவெடுத்தார்களா என்று மட்டுமே அது கேட்கும். மனித உரிமை பற்றிய கேள்வி அதில் இல்லை. ஓர் அதிகாரி சட்டத்தை மீறினால் எவரும் கேட்கலாம், கம்பனியும் கேட்கலாம். ஆகவே கம்பனி கோர்ட்டுக்குப் போனது என்பதற்காக அதற்கு மனித உரிமை இருக்கிறது என்று ஆகிவிடாது.

ஆனால் தலைவரின் கேள்வி அதோடு தீர்ந்துவிடவில்லை. கம்பனி என்பது சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள்தான். காணி வைத்திருக்கும், கடன் வாங்கும், வழக்குப் போடும். பங்குக்காரர் செத்தாலும் கம்பனி சாகாது. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசு கைக்கு வந்த தோட்டங்களை ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. 1992இல் அவற்றைப் பிரித்து பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். நம் மலையின் பெயரைத் தாங்கிய கம்பனியும் அவற்றில் ஒன்று. குத்தகைக் காலம் 53 வருடம் என்று நின்றது, அதாவது 2045 வரை. அந்தக் குத்தகை எழுதப்பட்டது கம்பனியின் பெயரில். அந்தக் காணியில் நான்கு ஐந்து தலைமுறையாக லயத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் காம்பராவுக்கு ஓர் உறுதிப்பத்திரம் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

இப்படிப்பட்ட ஆளுக்கு மனித உரிமை கேட்டு நிற்க இடம் உண்டா? உலகத்தில் மூன்று கண்டங்களில் பிராந்திய மனித உரிமை நீதிமன்றங்கள் இருக்கின்றன. கம்பனி விஷயத்தில் அவை ஒரே பதிலைச் சொல்லவில்லை.

ஐரோப்பாவில் பதில், ஆம். பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரத்தில் இருக்கும் நீதிமன்றத்தில் தனியாட்களும், ஆட்களின் குழுக்களும், அரசுசாரா அமைப்புகளும் முறையிடலாம் என்கிறது ஐரோப்பிய மனித உரிமைச் சமவாயம். தனியார் கம்பனி இந்தக் கடைசி வகைக்குள் அடங்கிவிடுகிறது. 1952இல் சேர்த்த முதலாவது நெறிமுறை இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது: இயற்கை ஆளுக்கும் சட்ட ஆளுக்கும் தத்தம் சொத்தை அமைதியாக அனுபவிக்க உரிமை உண்டு.

இதனால் நன்மை நடந்திருக்கிறது. தாலிடோமைட் என்ற மருந்தைக் கர்ப்பிணிகள் சாப்பிட்டு, கை கால் வளராத பிள்ளைகள் பிறந்தார்கள். அதைப் பற்றி எழுத இருந்த லண்டன் சண்டே டைம்ஸ் பத்திரிகையை இங்கிலாந்து நீதிமன்றம் தடுத்தது. பத்திரிகைக் கம்பனி, ஆசிரியர் ஹரல்ட் எவன்ஸ், செய்தியாளர்கள் எல்லாரும் சேர்ந்து ஸ்ட்ராஸ்பேர்க் போனார்கள். 1979இல் கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டது என்று தீர்ப்பு வந்தது. அந்த வழக்கில் கம்பனிக்குக் கிடைத்த வெற்றி, உண்மையில் அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் வாசகர்களுக்கும் கிடைத்த வெற்றி.

அதே வழியில் வேறு வழக்குகளும் போயின. 2002இல் கோலாஸ் என்ற பிரெஞ்சு வீதி நிர்மாணக் கம்பனி வழக்கில், நீதிமன்ற அனுமதி இல்லாமல் கம்பனி அலுவலகத்தைச் சோதனையிட்டதை, வீட்டுக்கு உள்ள பாதுகாப்பை மீறியதாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. ரஷ்ய எண்ணெய்க் கம்பனி யூக்கோஸ் வழக்கில் 2014இல் 186 கோடி யூரோவுக்கும் மேல் நட்டஈடு தீர்ப்பானது. ரஷ்யா அதைக் கொடுக்கவில்லை. ஆனாலும் ஒரு மனித உரிமை நீதிமன்றம் ஒரு கம்பனியின் பங்குக்காரர்களுக்காக அத்தனை பெரிய தொகையைத் தீர்த்தது என்பது வரலாற்றில் நிற்கிறது.

அமெரிக்கக் கண்டத்தில் பதில், இல்லை. அங்கே நீதிமன்றம் இருப்பது கொஸ்டாரிக்காவின் சான் ஹோசே நகரத்தில். அமெரிக்க நாடுகளின் மனித உரிமைச் சமவாயம் முதலாவது உறுப்புரையிலேயே, இந்தச் சமவாயத்தில் ஆள் என்றால் ஒவ்வொரு மனிதப் பிறவியும் என்று எழுதிவிட்டது. பனாமா நாடு விளக்கம் கேட்டபோது, 2016 பெப்ரவரி 26ஆம் திகதி நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தில் அதை உறுதிசெய்தது: கம்பனிகள் இந்த உரிமைகளுக்கு உரியவை அல்ல. ஆனால் இரண்டு கூட்டங்களுக்குக் கதவைத் திறந்து வைத்தது. ஒன்று பூர்வகுடிச் சமூகங்கள், அவர்களுக்கு நிலமும் வாழ்வும் கூட்டாகத்தான் இருக்கின்றன என்பதால். மற்றது தொழிற்சங்கங்கள்.

தலைவர் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சங்கத்துக்கு உண்டு, கம்பனிக்கு இல்லையா?" ஆம், அப்படித்தான். சங்கம் தன் பெயரிலேயே உரிமை கேட்கலாம், ஏனென்றால் தொழிலாளி சங்கமாகச் சேராமல் தன் உரிமையை அனுபவிக்கவே முடியாது.

அப்படியென்றால் கம்பனிக்குப் பின்னால் இருக்கும் மனிதர்கள்? அவர்களை சான் ஹோசே கைவிடவில்லை. வெனிசுவேலாவில் ஆர்சிடிவி என்ற தொலைக்காட்சி அரசை விமர்சித்ததற்காக 2007இல் அலைவரிசை அனுமதியை இழந்தது. 2015இல் தீர்ப்பு வந்தபோது நீதிமன்றம் பார்த்தது கம்பனியின் நட்டத்தை அல்ல. அதில் பேசிய, எழுதிய, அதை நடத்திய மனிதர்களின் கருத்துச் சுதந்திரத்தைப் பார்த்தது, மீறல் என்று சொன்னது. ஸ்ட்ராஸ்பேர்க் இதற்கு நேரெதிர். 1995இல் கிரேக்கத்து பியர் கம்பனி ஒன்றின் பங்குக்காரர்கள் வந்தபோது, நட்டம் கம்பனிக்கு, கம்பனியே வரட்டும் என்று திருப்பி அனுப்பியது. ஒரே கேள்விக்கு இரண்டு கண்டங்களிலும் தலைகீழான பதில். ஐரோப்பாவில் கம்பனி முன்னே நிற்கிறது, மனிதர் பின்னே. சான் ஹோசேயில் மனிதர் வந்து தனக்கு என்ன நடந்தது என்று சொல்லவேண்டும்.

மூன்றாவது கண்டம் ஆபிரிக்கா. அதன் சாசனம் மனிதரோடு மக்கள் கூட்டங்களின் உரிமைகளையும் பேசுகிறது. கென்யாவின் மாவ் காட்டில் வாழும் ஓகியெக் மக்களை வெளியேற்ற முயன்றது தவறு என்று, தன்சானியாவின் அருஷாவில் இருக்கும் ஆபிரிக்க நீதிமன்றம் 2017இல் தீர்த்தது. அங்கே பெரிய வழக்குகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

"நம்ம பக்கத்துல எங்க இருக்கு?" இதற்குப் பதில் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆசியாவில் இப்படி ஒரு நீதிமன்றமே இல்லை. சார்க் அமைப்பின் 1985ஆம் ஆண்டுச் சாசனம், இரு நாடுகளுக்கு இடையிலான பிரச்சினைகளையும் சர்ச்சைக்குரிய விஷயங்களையும் பேசவே கூடாது என்று ஒதுக்கிவைத்துவிட்டது. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பில் 2009 முதல் ஒரு மனித உரிமை ஆணைக்குழு இருக்கிறது. அது நீதிமன்றம் அல்ல, இலங்கை அந்தக் கூட்டமைப்பில் உறுப்பினரும் இல்லை. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவுக்கு முறையிடும் வழியை இலங்கை 1997இல் ஏற்றது. அந்தக் குழு தனிமனிதரை மட்டுமே ஏற்கும், கம்பனியை ஏற்காது. ஆனால் 2006இல் சிங்கராசா வழக்கில் நம் உயர் நீதிமன்றமே, அந்த ஏற்பு அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லிவிட்டது. குழுவின் முடிவைக் கொண்டுவந்து இங்கே நிறைவேற்றச் சொல்ல வழியில்லை.

ஆகவே நமக்கு மிஞ்சுவது புதுக்கடைதான். அங்கே நம் அரசியலமைப்பு கம்பனியை எப்படிப் பார்க்கிறது? 12ஆம் உறுப்புரை, ஆட்கள் எல்லாரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. 14ஆம் உறுப்புரை, பேச்சு, சங்கம் சேருதல், தொழில், நடமாட்டம் போன்றவற்றை ஒவ்வொரு பிரஜைக்கும் கொடுக்கிறது. முதலாவது வாசலால் கம்பனிகள் உள்ளே போயிருக்கின்றன. 1997இல் பெல்ஜியத்தில் பதிவான ஸ்மித்க்ளைன் பீச்சம் கம்பனி, அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் கேள்விப்பத்திரம் ஒன்று பற்றி 12ஆம் உறுப்புரையின் கீழ் அடிப்படை உரிமை வழக்குப் போட்டு வென்றது. 2000இல் சண்டே லீடர் பத்திரிகையின் அச்சகத்தை அரசு மூடி முத்திரை வைத்தபோது, அடிப்படை உரிமை மனுவைக் கொண்டுவந்தது லீடர் பப்ளிகேஷன்ஸ் என்ற கம்பனி. அதுவும் வென்றது. அந்தத் தீர்ப்பை நான் மனமார வரவேற்கிறேன். பத்திரிகையின் கதவைப் பூட்டினால் வாயடைக்கப்படுவது நாம்தான்.

இப்போது 14ஆம் உறுப்புரைக்கு வருவோம். இந்த இடத்தில் எனக்கு நெஞ்சு பொறுக்காது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1978இல் அரசியலமைப்பு எழுதப்பட்டபோது பிரஜைக்கென்று கொடுத்த உரிமைகள் எங்கள் அப்பா அம்மாக்கள் பலருக்கு இல்லை. வேறு எந்த நாட்டுக்கும் பிரஜையாகாமல் இங்கே நிரந்தரமாக வாழ்பவர்களுக்கு அந்த உரிமைகள் பத்து வருடத்துக்கு மட்டும் என்று ஓர் உட்பிரிவு எழுதினார்கள். கோடையிலும் அடைமழையிலும் மலையேறிக் கொழுந்து எடுத்தவளுக்குப் பேச்சுரிமை தவணை முறையில் வந்தது. கடைசியாக மிஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது 2003இல்.

2015இல் 19ஆம் திருத்தம் தகவல் அறியும் உரிமையை 14அ உறுப்புரையாகச் சேர்த்தது. நல்ல உரிமை, வேண்டிய உரிமை. அதிலே எழுதியிருக்கிறது: ஒரு நிறுவனத்தின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பிரஜைகளாக இருந்தால், அந்த நிறுவனமும் இந்த உறுப்புரைக்குப் பிரஜைதான். தகவல் கேட்க ஒரு சங்கத்துக்கும் கிராம அமைப்புக்கும் இது உதவும் என்பதால் நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனாலும், காகிதத்தில் பிறந்த ஆளுக்கு ஒரு வரியில் கிடைத்த இடம், வயிற்றில் பிறந்த ஆளுக்கு 55 வருடம் எடுத்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

கம்பனிக்கு இங்கே எல்லாம் கிடைக்கிறது என்று நினைத்துவிடவும் கூடாது. நம் அரசியலமைப்பின் அடிப்படை உரிமை அத்தியாயத்தில் சொத்துரிமை கிடையாது. அதன் விளைவை நம் ஊவாவிலேயே பார்த்தோம். 2011 நவம்பரில், குறைவாகச் செயற்படும் நிறுவனங்களை மீட்பது என்ற பெயரில் 43ஆம் இலக்கச் சட்டத்தை அவசரச் சட்டமூலமாகக் கொண்டுவந்து 37 நிறுவனங்களின் சொத்தை அரசு எடுத்தது. மொனராகலை மாவட்டத்தின் பெல்வத்த, செவனகல சீனிக் கம்பனிகள் இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. சட்டமூல நிலையில் உயர் நீதிமன்றம் பார்த்துச் சரி என்றது. நிறைவேறி, சபாநாயகர் சான்றுப்படுத்திய சட்டத்தின் செல்லுபடியை 80ஆம் உறுப்புரையின்படி எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. நட்டஈட்டுக்கு ஒரு நியாய சபை என்று சட்டத்தில் எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். இதே விஷயம் ஐரோப்பாவில் நடந்திருந்தால் கம்பனிகள் முதலாவது நெறிமுறையோடு ஸ்ட்ராஸ்பேர்க் போயிருக்கும். பெயர் குறித்துப் பட்டியல் போட்டு ஒரே நாளில் சொத்தை எடுப்பது கம்பனிக்குச் செய்தாலும் அநியாயம்தான். இன்று சீனி ஆலைக்குச் செய்வதை நாளை கரும்புக்காரனின் காணிக்கும் செய்யலாம்.

ஆனாலும் வெளிநாட்டு முதலீட்டுக் கம்பனிக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. அந்த வாசல் உலகத்திலேயே முதன்முதலாகத் திறந்தது இலங்கைக்கு எதிராக, ஒரு தமிழ் ஊரில் நடந்த சம்பவத்தால். தலைவருக்கு இது தெரிந்திருக்கவில்லை. உங்களில் பலருக்கும் தெரிந்திருக்காது.

மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலைப் பகுதியில் செரண்டிப் சீஃபூட்ஸ் என்ற கம்பனியின் இறால் பண்ணை இருந்தது. அதன் பங்குகளில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வைத்திருந்தது ஏசியன் அக்ரிகல்ச்சுரல் புரொடக்ட்ஸ் என்ற ஹொங்கொங் கம்பனி. 1987 ஜனவரி 28ஆம் திகதி விசேட அதிரடிப் படை அந்தப் பகுதியில் நடவடிக்கை எடுத்தது. பண்ணை அழிந்தது. பண்ணையில் வேலை செய்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பிரித்தானியாவும் இலங்கையும் 1980இல் செய்த முதலீட்டு ஒப்பந்தம் ஹொங்கொங்குக்கும் பொருந்தும் என்பதால், கம்பனி உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த நடுத்தீர்ப்பு மையத்துக்குப் போனது. கேட்டது எண்பது லட்சம் டொலருக்கும் மேல். 1990 ஜூன் 27ஆம் திகதி தீர்ப்பு. பண்ணையை அழித்தது இன்னார் என்று நிரூபணமாகவில்லை, ஆனால் அரசு எடுத்திருக்கவேண்டிய முன்னெச்சரிக்கையை எடுக்கவில்லை என்று நடுவர்கள் பெரும்பான்மையாகச் சொன்னார்கள். அரசு சந்தேகித்த ஊழியர்களை நிர்வாகத்தோடு பேசி முன்பே விலக்கியிருக்கலாம், நிர்வாகமும் ஒத்துழைக்கத் தயாராக இருந்தது என்பது அவர்களின் காரணம். 460,000 டொலரும் வட்டியும் கொடுக்கச் சொன்னார்கள். முதலீட்டு ஒப்பந்தத்தின் பெயரால் ஒரு கம்பனி ஒரு நாட்டை அந்த மையத்தில் நிறுத்திப் பெற்ற முதல் தீர்ப்பு இதுதான். உலகமெங்கும் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

செத்தவர்களின் குடும்பங்களுக்கு அந்த மேசையில் இடம் இருக்கவில்லை. அந்த ஒப்பந்தம் முதலீட்டாளருக்கானது. பண்ணையின் மதிப்பு கணக்கிடப்பட்டது, அதில் வேலை செய்தவனின் உயிர் கணக்கில் வரவில்லை. நடுவர்கள் கெட்டவர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்களிடம் கேட்க வந்தது கம்பனி, அவர்கள் கம்பனிக்குப் பதில் சொன்னார்கள். அந்தத் தாய்மார்களுக்குப் போக ஓர் ஆசிய நீதிமன்றம் இருந்திருந்தால் அதே 1990இல் அவர்களுக்கும் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருக்கலாம்.

ஆகவே தலைவரின் கேள்விக்கு என் பதில் இது. கம்பனிக்குச் சட்டம் வேண்டும், நியாயமான விசாரணை வேண்டும், அதிகாரியின் அத்துமீறலைக் கேட்க வழி வேண்டும். இவற்றுக்கு ரிட் மனுவும் 12ஆம் உறுப்புரையும் போதும். மனித உரிமை என்ற பெயரில் அதற்கு மேலே கேட்கும்போது, அந்தக் கம்பனிக்குப் பின்னால் காயப்பட்ட மனிதர் யார் என்று நீதிமன்றம் கேட்கவேண்டும். பத்திரிகைக் கம்பனி என்றால் ஆசிரியரும் வாசகரும் நிற்பார்கள். சங்கம் என்றால் தொழிலாளர் நிற்பார்கள். எவரும் நிற்கவில்லை, இலாபக் கணக்கு மட்டும் நிற்கிறது என்றால், அது வணிக வழக்கு. சான் ஹோசே எடுத்த வழி நம்மைப் போன்ற நாட்டுக்கு அதிகம் பொருந்தும் என்பது என் முடிவு.

இன்னொன்றையும் சொன்னேன், இதைத் தோட்டத்தில் எல்லாருக்கும் சொல்லுங்கள். அடிப்படை உரிமை மனு அரசுக்கும் அரச அதிகாரிக்கும் எதிராக மட்டும்தான் போகும். கம்பனி அரசுக்கு எதிராக அதைப் போடலாம், தொழிலாளி கம்பனிக்கு எதிராக அதைப் போட முடியாது. 1992க்கு முன்னால் தோட்டத்தை நடத்தியது அரசு நிறுவனம் என்பதால் அப்போது வாதிட இடமிருந்தது, குத்தகைக்குப் பிறகு அந்த இடம் சுருங்கிவிட்டது. கம்பனி வேலையை விட்டு நிறுத்தினால் போகவேண்டியது தொழில் நியாய சபை, ஆறு மாதத்துக்குள். சம்பளம், சேமலாப நிதி என்றால் தொழில் திணைக்களம்.

பொலிசாரோ, பிரதேச செயலகமோ, வேறு அரச அதிகாரியோ அநியாயம் செய்தால் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றம் போக இருப்பது ஒரே ஒரு மாதம். கொழும்புக்குப் போக வசதியில்லை என்றால் அந்த மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடுங்கள். விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாடு கொடுத்தால் மட்டும் போதாது, விசாரணை நடக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவின் கடிதம் கையில் இருக்கவேண்டும். அதன் பிராந்திய அலுவலகம் பதுளையில் இருக்கிறது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதி, திகதி போட்டு, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.